அமைதி தேடிப் போன இடத்தில்

பட்டணத்தில் வாழ்கின்றவர்களுக்கு அவ்வப்போது ஒரு நோய் வருவதுண்டு. வைத்திய நூல்களில் அதற்குப் பெயர் இல்லை. விடிந்தால் தெருவின் இரைச்சல். பகலெல்லாம் மனிதரின் இரைச்சல். இரவு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த பின்னரும் காதுக்குள் அந்த ஒலி அடங்குவதில்லை. எங்கேனும் ஒரு மலைச்சாரலில் இரண்டு நாள் வாய் திறவாமல் இருந்துவிட்டு வந்தால் போதும் என்று மனம் ஏங்கும். பலர் ஏங்குவதோடு நின்றுவிடுவர். நாங்கள் நால்வர், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், வெள்ளவத்தையிலிருந்து உண்மையாகவே புறப்பட்டுவிட்டோம்.

நால்வரையும் வாசகர்களுக்கு அறிமுகஞ் செய்துவிடுகின்றேன். வண்டிக்குரியவர் வங்கியில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் வைத்தியர், எங்கே போனாலும் கதை சொல்லிக்கொண்டு வருவார். மூன்றாமவரை நாங்கள் எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்போம், 38 ஆண்டுகள் கணிதம் படிப்பித்தவர், அதிகம் பேசமாட்டார். நான்காமவன் இதனை எழுதுகின்றவன்.

போகவேண்டிய இடத்தைத் தெரிந்தெடுத்தவர் வங்கி நண்பர். கண்டிக்குத் தென்கிழக்கே, தெல்தோட்டைக்கு அப்பால், லூல்கந்துர என்று ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கின்றது. இலங்கையில் வாணிப முறையில் முதன்முதலாகத் தேயிலை பயிரிடப்பட்ட தோட்டம் அதுவே. அங்கே கூட்டம் இல்லை, கடைத்தெரு இல்லை, குளிரும் மூடுபனியுமே உண்டு என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். பயணத்துக்கு ஒரு சட்டமும் விதித்தார்: நால்வருடைய கைத்தொலைபேசிகளையும் நிறுத்தி ஒரு பையிலே போட்டுக் கட்டிவிட வேண்டும், ஞாயிறு மாலை வரையில் அந்தப் பையை எவரும் தொடக்கூடாது. எல்லோரும் இணங்கினோம்.

மாஸ்டர் மட்டும் ஒரு நிபந்தனை சொன்னார். "பேராதனையிலிருந்து கலஹா வழியாகப் போவதென்றால் வருகின்றேன்." காரணத்தை அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

கடுகண்ணாவைக் கோபுரம்

நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே சென்றன. மாவனல்லையை அணுகும்போது வைத்தியர் உத்துவன்கந்தையைக் காட்டி, அந்தக் குன்றிலே ஒளிந்திருந்து கண்டி வீதியை நடுங்க வைத்த சரதியேல் என்னும் கொள்ளைக்காரனின் கதையைத் தொடங்கினார். செல்வரைக் கொள்ளையிட்டு ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று மக்கள் போற்றும் அவனை, 1864 ஆம் ஆண்டு கண்டியில் தூக்கிலிட்டார்கள். கதை முடிவதற்கும் வண்டி கடுகண்ணாவைக் கணவாயில் ஏறுவதற்கும் சரியாக இருந்தது.

இந்த ஏற்றத்தைப் பற்றி ஒரு பழைய நம்பிக்கை உண்டு. மலையைத் துளைத்துக்கொண்டு வருகின்றவனாலேயே கண்டி இராச்சியத்தை அடக்க முடியும் என்று மலைநாட்டார் சொல்வார்களாம். கண்டி 1815 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. ஆனால் கொழும்பிலிருந்து பீரங்கியும் படையும் விரைந்து ஏறுவதற்கு ஒரு நல்ல வீதி தேவைப்பட்டது. 1820களில் தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் அதனை அமைப்பித்தார். கணவாயில் ஒரு பாறையைக் குடைந்து வழி விட்டார்கள். இன்றைய வீதி அதனை விலகிச் சென்றாலும் துளைத்த பாறை அப்படியே நிற்கின்றது.

உச்சியில் வெண்ணிறக் கோபுரம் ஒன்று இருக்கின்றது. உயரம் 125 அடி. வீதியை அமைத்த பொறியியலாளரான கப்டன் டோசன் 1829 ஆம் ஆண்டு காலமானார். அவர் நினைவாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டி 1832 இல் எழுப்பியது அது. வண்டியை நிறுத்திவிட்டு அதன் நிழலிலே நின்று, கொண்டுவந்த இடியப்பத்தையும் சம்பலையும் உண்டோம்.

அப்போது மாஸ்டர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "டோசன் ஓர் ஆள். மலையை வெட்டியவர்கள் எத்தனை பேர்?" என்றார்.

யாருக்கும் விடை தெரியவில்லை. இராசகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையினால் ஊர் ஊராக மக்களை வரவழைத்தே இத்தகைய வீதிகளை வெட்டுவித்தார்கள் என்பது வரலாறு. அவர்களுக்குக் கோபுரம் கிடையாது. கணிதம் படிப்பித்தவர் அல்லவா, எண்ணிக்கையைத்தான் கேட்பார் என்று வைத்தியர் சிரித்தார். நாங்களும் சிரித்துவிட்டு வண்டியில் ஏறினோம்.

பேராதனையிலிருந்து கலஹாவுக்கு

பேராதனைப் பூங்காவில் நுழையாமல் போவது மலைநாட்டுக்குச் செய்யும் அவமரியாதை. மகாவலி கங்கை குதிரை லாடம்போல வளைந்து அணைத்துக்கொண்டிருக்கும் நிலத்தில், 147 ஏக்கர் பரப்பில், 1821 ஆம் ஆண்டு தொடங்கிய தோட்டம் அது. அரச பனைகள் அணிவகுத்த பாதையில் ஒரு மணி நேரம் நடந்தோம். அழகுக்காக மட்டும் உண்டான பூங்கா அன்று என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். எந்தப் பயிர் இந்த மண்ணிலே பிழைக்கும், எது பணமாகும் என்று சோதித்துப் பார்த்த இடம் இது. 1839 ஆம் ஆண்டளவில் அசாமிலிருந்து வந்த தேயிலை விதைகள் இங்கேதான் முளைத்தன. ஆனால் அந்த நாளில் அதனைக் கவனிப்பார் இல்லை. மலைநாடெங்கும் கோப்பி மணம் வீசிய காலம் அது.

பூங்காவை விட்டதும் பல்கலைக்கழக வளவு. 1952 இல் கொழும்பிலிருந்து இலங்கைப் பல்கலைக்கழகம் இங்கே இடம்பெயர்ந்தது. ஹந்தானை மலை ஒருபுறம், மகாவலி மறுபுறம். நடுவே செம்மஞ்சட் பூக்களைச் சொரியும் மரங்கள். பேராசிரியர் கணபதிப்பிள்ளையும் வித்தியானந்தனும் தமிழ் படிப்பித்த இடம். மட்டக்களப்பு நாட்டுக்கூத்து புத்துயிர் பெற்று மேடையேறிய இடம். மேட்டிலிருக்கும் குறிஞ்சிக்குமரன் ஆலயத்தின் திசை நோக்கிக் கும்பிட்டுவிட்டுக் கலஹா வீதியில் திரும்பினோம்.

இதுவரையில் பின்னாசனத்தில் சாய்ந்திருந்த மாஸ்டர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார். வீதி ஒடுங்கியது; வளைவுகள் கூடின; வாசனைத் திரவியத் தோட்டங்கள் மறைந்து தேயிலை தொடங்கியது. கலஹாவில் ஒரு சிறு கடையில் தேநீர் அருந்தினோம். தெல்தோட்டைக்குப் போகும் வழியில் ஒரு முடுக்கிலே, கீழே பள்ளத்தில், தகரக் கூரையிட்ட லயங்கள் தெரிந்தன. மாஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"நிறுத்தட்டுமா?" என்றார் வங்கி நண்பர்.

"வேண்டாம். இருட்டுமுன் போய்ச் சேருவோம்" என்றார் மாஸ்டர்.

துரை ஒருவரும் 19 ஏக்கரும்

மாலை ஐந்து மணிக்கு லூல்கந்துர மலையை அடைந்தோம். தங்குவதற்கு ஒழுங்கு செய்திருந்த பழைய பங்களாவில் கணப்பு மூட்டியிருந்தார்கள். மழை பெய்து ஓய்ந்து, மூடுபனி தேயிலைச் செடிகளின் மேலே பஞ்சுப்பொதிபோல ஊர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் தேடிவந்த அமைதி அங்கே நிறையவே இருந்தது. ஒருவரோடொருவர் பேசவும் தோன்றாமல் இருட்டும் வரையில் முற்றத்தில் நின்றோம்.

இரவு கணப்பின் முன்னிருந்து, தேயிலையின் வரலாற்றை எனக்குத் தெரிந்த அளவில் நண்பர்களுக்குச் சொன்னேன். ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொட்லாந்து இளைஞர் 1852 ஆம் ஆண்டு, வயது பதினேழு நிரம்புமுன், இந்தக் காட்டுக்கு வந்தார். கோப்பியும் பின்னர் சிங்கோனாவும் வளர்த்தார். பேராதனைப் பூங்காவிலிருந்து தேயிலை விதை பெற்று வீதியோரத்திலே நட்டுப் பார்த்தார். 1867 ஆம் ஆண்டு 19 ஏக்கர் நிலத்தைத் திருத்தித் தேயிலை பயிரிட்டார். தொழிற்சாலை ஏது? பங்களாத் திண்ணையிலே மேசை போட்டு, மணிக்கட்டு முதல் முழங்கை வரையில் கையாலே அழுத்திக் கொழுந்தை உருட்டினார்கள். மண்ணடுப்பில் கரியிட்டு உலர்த்தினார்கள். 1873 இல் லூல்கந்துரத் தேயிலை 23 இறாத்தல் இலண்டன் மாநகருக்குப் போயிற்று.

இதற்கிடையில் 1869 ஆம் ஆண்டு கோப்பிச் செடியின் இலையில் செம்மஞ்சட் புள்ளி கண்டது. அது ஒருவகைப் பூஞ்சணம். பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் மலைநாட்டின் கோப்பி அழிந்துபோயிற்று. துரைமார் பலர் கடனாளியாகிக் கப்பலேறினார்கள். டெய்லர் நட்ட செடி இருந்தபடியால் மலைநாடு பிழைத்தது என்று சொன்னால் மிகையாகாது.

"துரை நட்டாரா?" என்று கேட்டார் மாஸ்டர்.

நான் சற்றே தடுமாறி, "நடுவித்தார்" என்று திருத்திக்கொண்டேன்.

"ஆம், நடுவித்தார். 19 ஏக்கர் காட்டை அழித்துக் குழி வெட்டிக் கன்று வைக்க எத்தனை கை வேண்டும் என்று எண்ணிப் பார்த்தேன், வேறொன்றுமில்லை" என்றார் அவர்.

அந்தக் கைகள் எங்கிருந்து வந்தன என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1820களில் கோப்பித் தோட்டங்கள் திறந்த நாள் முதலாகத் தமிழகத்துச் சிற்றூர்களில் பஞ்சம் பிடித்த குடும்பங்களைக் கங்காணிமார் அழைத்து வந்தார்கள். தேயிலைத் தூரிலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்களாம். தோணியிலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே ஏறத்தாழ 150 மைல் நடந்து, மாத்தளை வந்து சேர்ந்தார்கள். காய்ச்சலுக்கும் வாந்திபேதிக்கும் வழியிலே விழுந்தவர்கள் தொகையைச் சரியாக எழுதி வைத்தார் இல்லை. அந்த வருகையின் 200 ஆண்டு நிறைவை நினைந்து, 2023 ஆம் ஆண்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் ஒரு கூட்டத்தார் அதே திசையில் மறுபடியும் நடந்தனர். பாட்டனும் பூட்டனும் விழுந்த இடம் தெரியாதவர்கள் வழி முழுவதையுமே வணங்கிக்கொண்டு நடந்தார்கள்.

மறுநாட் காலையில் டெய்லர் ஆசனம் என்ற இடத்துக்கு ஏறினோம். மலை விளிம்பில் கல்லாலான ஓர் இருக்கை; டெய்லர் மாலைவேளையில் அமர்ந்து தம் தோட்டத்தைப் பார்ப்பாராம். அவர் குடியிருந்த மரவீட்டின் புகைபோக்கி அடிக்கற்கள் இன்னும் கிடக்கின்றன. ஆசனத்திலிருந்து பார்த்தால் மலைக்குப் பின் மலையாக நீலம் விரிகின்றது.

ஓசையே இல்லை என்று முதலில் நினைத்தோம். காது பழகியதும் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. கீழே லயத்தில் விறகு பிளக்கும் ஓசை. ஒரு குழந்தையின் அழுகை. பீலித் தண்ணீர் குடத்தில் விழும் சத்தம். சிறு கோயிலின் மணி. ஓர் ஊர் கண் விழித்துக்கொண்டிருந்தது. எவ்வளவு பெரிய உழைப்பும் இத்தனை உயரத்திலிருந்து கேட்டால் அமைதியாகவே இருக்கும் போலும் என்று எனக்குத் தோன்றியது.

மாஸ்டர் ஆசனத்தில் அமரவில்லை. அதன் அருகே நின்றபடி, "நேற்று நிறுத்தட்டுமா என்று கேட்டீர்களே, அந்த முடுக்கு... போகும்போது நிறுத்துங்கள். நான் பிறந்த லயம் அங்கேதான்" என்றார்.

ஏழாம் காம்பரா

வண்டியிலே போகும்போதுதான் அவர் சொன்னார். அவரோடு பத்து ஆண்டுகளுக்கு மேல் பழகியும் எங்களில் ஒருவரும் இதை அறிந்திருக்கவில்லை. ஊர் கண்டி என்பார், அவ்வளவே.

அவருக்கு ஐந்து வயது மூத்த தமக்கையார் ஒருவர். தாய் தந்தையர் மலைக்குப் போனால் தம்பியை வளர்த்தவர் அவரே. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. இருந்த 975,000 பேரில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது என்று முடிவாயிற்று. அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கணக்கு மிகத் துல்லியமாகவே இருந்தது. ஆனால் ஒரு காம்பராவுக்குள் அந்தக் கோடு எங்கே விழும் என்பதை ஒப்பந்தம் சொல்லவில்லை. மாஸ்டரின் தந்தையார் இலங்கைக் குடியுரிமைக்கு மனுச் செய்திருந்தார். தமக்கையாரை மணந்தவரின் குடும்பத்தார் இந்தியாவுக்கு மனுச் செய்திருந்தனர்.

1973 ஆம் ஆண்டு அவர்களுக்கு நாள் குறித்துக் கடிதம் வந்தது. கண்டிப் புகையிரத நிலையத்தில் ஏறி, தலைமன்னார் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அந்த நாளில் மலைநாட்டுப் புகையிரத மேடைகளில் எழுந்த அழுகையால் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்றே பெயர் வந்துவிட்டது.

"நான் கண்டியிலே விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குக் கணிதப் பரீட்சை. நிலையம் ஒரு மைல் தூரம். போகவில்லை" என்றார் மாஸ்டர். பரீட்சையில் அவருக்கு அதிவிசேட சித்தி கிடைத்தது. தமக்கையார் போன பின் தாயார் இஸ்தோப்பில் உட்காருவதையே விட்டுவிட்டாராம். பெற்றோர் மறைந்தபின் அவர் அந்தப் பக்கம் போகவே இல்லை.

வண்டியை வீதியில் விட்டுவிட்டுப் படிக்கட்டால் இறங்கினோம். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீண்டதொரு லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக. சில காம்பராக்களைச் சீமெந்திட்டுத் திருத்தி வண்ணம் பூசியிருந்தார்கள். சில ஆங்கிலேயன் விட்டுப்போன கோலத்திலேயே இருந்தன. மாஸ்டர் ஒன்று இரண்டு என்று எண்ணிக்கொண்டே போய் ஏழாவது வாசலில் நின்றார். கதவு பூட்டியிருந்தது. குடியிருப்போர் சந்தைக்குப் போயிருப்பதாக ஒரு சிறுவன் சொன்னான்.

அடுத்த இஸ்தோப்பில் ஒரு மூதாட்டி பலகையில் உட்கார்ந்திருந்தார். எண்பதை அணுகும் வயது. விரல் நுனிகளில் கொழுந்துக் கறை தோலோடு தோலாகப் படிந்திருந்தது.

"யாரு வேணும் தொரே?" என்றார்.

"நான் தொரை இல்லை அம்மா. இந்த லயத்துப் பிள்ளைதான். ஏழாங் காம்பராக் கவ்வாத்துக்காரர் மகன்."

மூதாட்டி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பின்னர் தமக்கையாரின் பெயரைச் சொல்லி, "அவ தம்பியா நீயி?" என்று கேட்டார்.

மாஸ்டர் தலையசைத்தார்.

"ஒங்கக்காவும் நானும் ஒரே நெரையில கொழுந்தெடுத்தவங்க. போன அன்னிக்குச் சாமான் கட்டக் கயிறு பத்தலேன்னு என் கூடைக் கயித்தக் கழட்டிக்கிட்டுப் போனா. அப்புறம் அனுப்பி வைக்கிறேன்னா. அனுப்பவே இல்ல." சிரித்துவிட்டு, சிரிப்பு நின்றபின், மெல்லக் கேட்டார்: "இருக்காளா?"

தமக்கையார் இருக்கின்றார். இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் நாட்களைக் கழித்து, கடைசியில் நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்தவர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்கென்று 1968 ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டரசு அங்கே தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கியது. ஒரு மலையிலே கற்ற தொழிலை இன்னொரு மலையிலே செய்து முதுமை அடைந்தார். மாதம் ஒருமுறை தம்பியோடு தொலைபேசியில் பேசுகின்றவர்.

இதை மாஸ்டர் சொல்லி முடிக்குமுன்னமே வங்கி நண்பர் படிக்கட்டில் ஏறி ஓடினார். ஞாயிறு மாலை வரையில் எவரும் தொடக்கூடாது என்று தாமே முடிச்சிட்ட பையை அவிழ்த்து, மாஸ்டரின் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். லயத்து வாசலில் அது வேலை செய்யவில்லை. "கோயில் படியிலதான் சிக்னல் வரும்" என்றான் சிறுவன். மூதாட்டியை ஒருபுறம் வைத்தியரும் ஒருபுறம் மாஸ்டருமாகத் தாங்கி, மாரியம்மன் கோயிற் படிக்கு அழைத்துச் சென்றோம்.

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசாத இருவர் முதலில் என்ன பேசிக்கொள்வார்கள்? நான் ஏதேதோ எதிர்பார்த்தேன். அவர்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். அங்கே கொழுந்து எப்படி, இங்கே கொழுந்து எப்படி என்று கேட்டுக்கொண்டார்கள். யார் யார் இல்லை என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டார்கள். பிறகு மூதாட்டி, "ஏம்புள்ள, என் கயிறு எங்கடி?" என்றார்.

மறுமுனையில் குரல் உரக்கவே வந்தது. எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "இங்க வந்து எட்டு வருசம் அந்தக் கயித்துலதான்டி கூடை கட்டுனேன். இத்துப் போச்சு. வேற வாங்கித் தாறேன்."

இருவரும் சிரித்தார்கள். அதன்பின் அந்தக் குரல், "அவன் அங்க வந்திருக்கானா?" என்று கேட்டது. மாஸ்டர் தொலைபேசியை வாங்கிக்கொண்டு ஆலமரத்தடிக்கு நடந்துபோனார். பரீட்சை நாளைப் பற்றி அவர் சொன்னாரோ, என்ன சொன்னாரோ, நாங்கள் கேட்கவில்லை. வெகுநேரம் நின்று பேசினார்.

மூதாட்டி வீட்டில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாயத்தண்ணியும் கொடுத்தார்கள். வெளிநாடுகளுக்குப் போகும் உயர்தரத் தேயிலை அன்று அது. கடையிலே வாங்கிய தூள். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து சேர்ந்தால் ஒரு கிலோ தேயிலை ஆகும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த கையிலிருந்து வாங்கிக் குடித்தபோது, கொழும்பிலே வாசிகசாலை மேசையில் அருந்துகின்ற தேநீரை நினைத்து எனக்குச் சிறிது கூச்சமாக இருந்தது.

மகியாவையில் ஒரு கல்

பிற்பகல் கண்டி வந்து சேர்ந்தோம். மாத்தளை வீதிப்பக்கம் மகியாவை மயானத்தில் டெய்லரின் கல்லறை இருக்கின்றது. வந்த வழிக்கு அதையும் பார்த்துவிட வேண்டும் என்றவர் மாஸ்டர்தான்.

டெய்லரின் முடிவு மகிழ்ச்சியானதன்று. நாற்பது ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைத்தவரை 1892 ஆம் ஆண்டு விலகச் சொல்லிவிட்டார்கள். அவர் மலையை விட்டுப் போக மறுத்தார். அதே ஆண்டு மே மாதம் 2 ஆம் நாள் வயிற்றுளைச்சலால் இறந்தார், வயது 57. மிகப் பருத்த உடம்பு. லூல்கந்துரவிலிருந்து கண்டி வரையில் 18 மைல். தோட்டத்துத் தொழிலாளர் 24 பேர், பன்னிருவர் பன்னிருவராக மாறி மாறி, அந்த உடலைத் தோளிலே சுமந்துவந்து இங்கே அடக்கஞ் செய்தார்கள் என்று சொல்வார்கள். அவரைச் சாமித்துரை என்று அவர்கள் அழைத்ததாகவும் சொல்வார்கள். துரைமாரின் கொடுமையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கின்றோம். ஒரு துரைக்காகத் தொழிலாளர் அழுததும் நடந்ததே. இரண்டையும் சேர்த்தே நினைவிற் கொள்ளவேண்டும்.

கல்லிலே டெய்லரின் பெயரும் அவர் தொண்டும் பொறித்திருக்கின்றன. மாஸ்டர் அதை முழுவதும் வாசித்தார். முதல் நாட் காலை கடுகண்ணாவைக் கோபுரத்தின் கீழே கேட்ட கேள்வியை இங்கே அவர் கேட்கவில்லை. இங்கே எண்ணிக்கை தெரியும், 24 பேர். பெயர்தான் ஒன்றுகூடத் தெரியாது.

திரும்பும் வழியில் கண்டி வாவிக்கரையிலே சற்று நேரம் நின்றோம். கடைசி அரசனான சிறீ விக்கிரம இராசசிங்கன் 1812 ஆம் ஆண்டளவில் கட்டுவித்த வாவி அது. அதுவும் குடிமக்களின் கட்டாய உழைப்பால் வெட்டியதே. தண்ணீர் அசைவின்றிக் கிடந்தது. தலதா மாளிகையின் விளக்குகள் அதில் விழுந்திருந்தன. எவ்வளவு அழகு! அழகைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் வெட்டியவர் யார் என்று கேட்காமல் ஒரு வாவியைப் பார்ப்பது இனிமேல் எனக்கு இயலாது.

வாசகர்களும் தத்தம் குடும்பத்தோடு அந்த மலைக்கு ஒருமுறை போய்வர வேண்டும் என்று விரும்புகின்றேன். குளிருக்கு ஒரு கம்பளியும் மழைக்கு ஒரு குடையும் எடுத்துச் செல்லுங்கள். கலஹா வீதியில் வளைவுகள் அதிகம். இருட்டுமுன் போய்ச் சேருங்கள். பிள்ளைகளுக்கு டெய்லர் ஆசனத்தைக் காட்டுங்கள். அதோடு இன்னொன்றும் செய்யுங்கள்: உங்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர், வழி காட்டியவர், கொழுந்துக் கூடையோடு எதிரே வந்தவர், இவர்களில் ஒருவரிடமாவது நின்று பெயரைக் கேட்டறிந்து வாருங்கள். நாம் ஓய்வு தேடிப் போகும் மலை அவர்களுக்கு வீடு.

அந்த மூதாட்டியின் பெயரை நான் கேட்டறிந்து வந்திருக்கின்றேன். பத்திரிகையிலே போடுவதற்காகக் கேட்கவில்லை. ஆதலால் இங்கே எழுதவில்லை. கோத்தகிரியிலிருந்து ஒரு பார்சல் வரவேண்டியிருக்கின்றது. வந்ததும் அதைக் கொடுப்பதற்கு மீண்டும் ஒரு சனிக்கிழமை கலஹா வழியாகப் போவதென்று நால்வரும் முடிவு செய்திருக்கின்றோம். அந்த முறை, கைத்தொலைபேசிப் பையை எவரும் கட்டப்போவதில்லை.